சாமை தொலைந்தது உரலடியில்: கொல்லிமலைப் பெண் விவசாயிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சாமை அரிசியைப் பாக்கெட்டில் வாங்கிப் பழகியவர்களுக்கு அதன் உமியைப் பற்றித் தெரிந்திருக்காது. மணி கடுகளவுதான் இருக்கும். அதைச் சுற்றி வழவழப்பான, கெட்டியான உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் புடைத்தால் பாதிதான் உரிந்திருக்கும். மறுபடி உரல், மறுபடி முறம். உமி போன பிறகு தவிடு, தவிடு போன பிறகு குருணையைப் பிரிப்பது. அப்புறம் கல். பாறைக் களத்தில் அடித்த சாமையில் கலந்திருக்கும் மணல் துகளும் சாமை மணியும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் சலித்தால் போகாது, தண்ணீரில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் உலை வைக்க முடியும். காட்டில் களையெடுத்துவிட்டு, விறகும் தண்ணீரும் சுமந்துவிட்டு வரும் பெண்தான் இதையும் செய்ய வேண்டும்.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கில் இந்த வேலை வராது. கொல்லிமலையில் சிறுதானியம் ஏன் சுருங்கியது, அதை மீட்கும் முயற்சியில் எது பலித்தது, எது இன்னும் பாக்கி என்று பார்க்கும்போது நான் திரும்பத் திரும்ப இந்த உரலடிக்கே வந்து நிற்கிறேன். பெண் விவசாயிகளுக்கு உதவி என்று எழுதப்படும் திட்டங்களில் விதை இருக்கும், பயிற்சி இருக்கும், கடன் இருக்கும். அறுவடைக்கும் அடுப்புக்கும் நடுவே அவர்கள் படும் பாடு பெரும்பாலும் இருக்காது. கொல்லிமலையில் அது கணக்கில் வந்தது. இந்த நிகழ்வைப் படிக்க வேண்டியதற்கு முதல் காரணம் அதுதான்.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே வரலாம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று பதினான்கு நாடுகளாகப் பிரிந்திருக்கும் மலை இது. பெரும்பாலானவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தாய்மொழி தமிழ்.

பள்ளத்தில் ஓடையோரம் நெல், மேட்டில் மானாவாரியாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்பதுதான் பழைய ஏற்பாடு. அதிலும் சாமை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக இருந்தன. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை, கோரந்தினை. சில ரகங்கள் சீக்கிரம் வந்துவிடும், சில மாதக்கணக்கில் நிற்கும். சில சரளை மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும், சில நல்ல மண்தான் கேட்கும். எந்தத் துண்டில் எதைப் போடுவது, எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது, அதைப் பூச்சி அண்டாமல் எப்படி வைப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்த அறிவு. மழை தள்ளிப்போனால் குறுகிய ரகத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு ரகம் கைவிட்டால் இன்னொன்று சோறு போடும். காலநிலைத் தாங்குதிறன் என்று இப்போது நாம் சொல்வதை அவர்கள் விதைக் கூடையிலேயே வைத்திருந்தார்கள்.

சுருங்கியது எப்படி

முதலில் வந்தது குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கு அதுதான் பெயர், சுருக்கமாகக் குச்சி. கீழே சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் பெருகின. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே உருவானது. குச்சி நட்டால் பத்து மாதத்தில் மொத்தமாகப் பணம். லாரி மலைக்கே வரும். கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு என்று பார்த்து விலை போடுவார்கள். படிப்புச் செலவு, வைத்தியச் செலவு, கல்யாணச் செலவு என்று கையில் காசு தேவைப்படும் குடும்பம் சாமைக் காட்டைக் குச்சிக் காடாக்கியது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியது, அடியில் காப்பி வந்தது.

இரண்டாவது, ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். எல்லோருக்கும் ரேஷன் என்ற இந்த ஏற்பாடு எத்தனையோ வீடுகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. அதை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் சாமைக்கு அது பெரிய போட்டியாக இருந்தது. ஒரு பக்கம் குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம், கழுவி உலையில் போட்டால் கால் மணியில் சோறாகும் அரிசி. இன்னொரு பக்கம் தோள்பட்டை இற்றுப்போகும் வேலை. எந்தப் பெண்தான் சாமையைத் தேர்ந்தெடுப்பாள்?

மூன்றாவது காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. பயிர் குறையக் குறைய, குத்தும் பழக்கமும் குறைந்தது. முன்பெல்லாம் நாலு பேர் சேர்ந்து மாற்றி மாற்றி உலக்கை போட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், மருமகள்கள் கூலி வேலைக்குப் போனார்கள். உரலடியில் கிழவி ஒருத்திதான் மிச்சம். சாமை விளைந்த வீட்டில்கூட அதை உமியோடு மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிட்டு, கிடைத்த காசில் அரிசி வாங்கும் நிலை வந்தது. தானியம் வெளியூர் போய் அரிசியாகி, நகரத்துக் கடையில் நாலைந்து மடங்கு விலைக்கு நிற்கும். விளைவித்தவள் தட்டில் அது இருக்காது.

உணவுப் பாதுகாப்பு என்ற கோணத்தில் இது சாதாரண இழப்பில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயிறு நிறைகிறது, உடம்பில் ஏறவில்லை. சிறுதானியம் ஒன்றே இதற்கு மருந்து என்று சொல்ல மாட்டேன். கீரை, பயறு, முட்டை, சுத்தமான தண்ணீர் எல்லாம் வேண்டும். ஆனால் வீட்டுக் காட்டில் விளைந்துகொண்டிருந்த சத்தான தானியத்தை இழந்துவிட்டு மாத்திரையால் மட்டும் ஈடு கட்ட முடியாது.

குச்சியின் இன்னொரு விலையை நிலம் கொடுத்தது. சரிவில் நட்ட குச்சி முதல் சில மாதங்களுக்கு மண்ணை மூடாது, மழை நேராக மண்ணில் அடிக்கும். அறுவடையில் வேரோடு பிடுங்குவதால் மண் கிளறப்பட்டு அடுத்த மழையில் இறங்கிவிடும். வருடம் முழுக்க ஒரே பயிரை நம்பியிருக்கும் வீடு, மாவு பூச்சியோ தேமல் நோயோ வந்தாலும், ஆலை விலை சரிந்தாலும் ஒரே அடியில் விழும்.

செய்யப்பட்டது என்ன

எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலையை ஆரம்பித்தது. முதலில் அவர்கள் பார்த்தது விதையை. யார் வீட்டில் எந்த ரகம் மிச்சம் இருக்கிறது என்று தேடி எடுத்து, ஊர் அளவில் விதை வங்கி வைத்தார்கள். விதைப்புக்கு வாங்கி, அறுவடையில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பித் தருவதுதான் அதன் முறை. பிறகு சாகுபடி. விதையை வீசி விதைப்பதற்குப் பதில் வரிசையில் போடுவது, விதை அளவைக் குறைப்பது, குச்சிக் காட்டிலேயே ஊடுபயிராகச் சாமை போடுவது. இந்தக் கடைசி யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. குச்சியை விட்டுவிடு என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. காசுப் பயிரும் நிற்கட்டும், இடையில் சோற்றுப் பயிரும் வரட்டும் என்று விட்டார்கள்.

வரிசை விதைப்பில் மகசூல் கூடுவது பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதில் களையெடுப்பு எளிதாகும் என்பதைப் பெண்கள்தான் முதலில் கவனிப்பார்கள். வீசி விதைத்த சாமையில் களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் கண்டுபிடித்து, கால் வைக்க இடம் தேடி, குனிந்தபடியே நாள் முழுக்கப் பிடுங்க வேண்டும். வரிசையாக நின்றால் கொத்து ஓட்டலாம். முதுகு தப்பும்.

ஆனாலும் விதையும் சாகுபடி முறையும் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும். அதிகம் விளைந்தால் அதிகம் குத்த வேண்டும். திட்டம் நல்லதாக நடக்க நடக்கப் பெண்களின் வேலை கூடிக்கொண்டே போயிருக்கும். 2001க்குப் பிறகு, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவில் நடந்த கட்டத்தில், ஊருக்குள்ளேயே சிறிய உமி நீக்கும் இயந்திரங்களும் மாவரைக்கும் இயந்திரங்களும் வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் வந்தது. சாமை அரிசி, ரவை, தினை மாவு, கேழ்வரகு மாவு என்று பாக்கெட் போட்டு விற்பதும் தொடங்கியது. விவசாயிகளின் கூட்டமைப்பும் பின்னால் உருவானது.

இயந்திரம் பக்கத்தில் நின்று பார்த்தால்

உமி நீக்கும் இயந்திரம் கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். வேகமாகச் சுழலும் தட்டு மணிகளைச் சுவரில் வீசி அடிக்கும், உமி வெடிக்கும், காற்று உமியைத் தள்ளிக்கொண்டு போகும். அவ்வளவுதான். ஆனால் இதில்தான் எத்தனையோ ஊர்களில் திட்டங்கள் இடறி விழுந்திருக்கின்றன.

நெல் ஆலையில் சாமையைப் போட முடியாது. மணி அவ்வளவு சின்னது. சாமைக்கென்று செய்த இயந்திரத்திலும், பெருஞ்சாமையும் சின்ன மணிச் சாமையும் கலந்து வந்தால் ஒன்று உடைந்து குருணையாகும், மற்றொன்று உமியோடு வெளியே வரும். ஈரம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் உமி வெடிக்காது. அதிகமாகக் காய்ந்திருந்தால் அரிசி நொறுங்கும். ஆகவே கையில் அள்ளி, பல்லில் கடித்துப் பார்த்து, இன்னும் ஒரு நாள் காயட்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் இயந்திரத்தின் பக்கத்தில் வேண்டும். அந்தத் திறமை ஏற்கெனவே பெண்களிடம் இருந்தது. இல்லாதது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, பெல்ட் மாற்றுவது, பேரிங் போனால் கண்டுபிடிப்பது. பயிற்சி என்றால் இதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும். கணக்கு எழுதுவதற்கும் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் பயிற்சி கொடுத்துவிட்டு, ஸ்பேனரை ஆம்பிளை ஒருவர் கையில் கொடுத்தால், இயந்திரம் அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில்தான் ஓடும்.

இன்னொன்றும் உண்டு. எத்தனை கிலோ சேர்ந்தால் இயந்திரத்தைப் போடுவது? வீட்டுச் சாப்பாட்டுக்கு ஐந்து கிலோ கொண்டு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூட்டையாகக் கொண்டு வரும் வியாபாரிக்கு மட்டும் ஓட்டினால், வருமானக் கணக்கு அழகாக இருக்கும், உணவுப் பாதுகாப்பு என்ற நோக்கம் செத்துப்போகும். வாரத்தில் ஒரு நாளை வீட்டுச் சாமைக்கென்று ஒதுக்கி வைப்பது எளிய விஷயம். அதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

பாக்கி நிற்பது

நிலம். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தைப் பயிர் செய்து நிர்வகிப்பவர்களில் பெண்கள் கிட்டத்தட்ட 14 சதவீதம். காட்டில் வேலை செய்பவர்களில் அவர்கள் பங்கு இதைவிட எத்தனையோ மடங்கு என்று கிராமத்தில் ஒரு நாள் இருந்தாலே தெரியும். பட்டா, சிட்டா பெயரில் இல்லையென்றால் பயிர்க் கடன், காப்பீடு, வருடம் 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் என்று எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கும். வறட்சி நிவாரணமும் பட்டாக்காரர் கணக்குக்குத்தான் போகும்.

கொல்லிமலைப் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குச் சொத்தில் சம உரிமை கொடுத்தது, நாடு முழுக்க 2005இல் வந்தது. இரண்டுமே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தங்கள். அந்தச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய இது பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. சமவெளியில் இருக்கும் பெண்ணுக்குச் சட்டப்படி கிடைக்கும் பங்கு, மலை மேல் இருக்கும் பெண்ணுக்கு வழக்கத்தின் தயவில் இருக்கிறது. சத்தீஸ்கரிலிருந்து வந்த வழக்கொன்றில், பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் ஒவ்வொரு பெண்ணும் கோர்ட் ஏறி இறங்க முடியாது. 2006 வன உரிமைச் சட்டம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து உரிமைப் பத்திரம் தரச் சொல்கிறது. அதே முறையை மலைப் பட்டாக்களுக்கும் கொண்டுவருவது அரசால் முடிகிற காரியம்தான்.

நிலத்தில் பெயர் இருக்கிறதோ இல்லையோ, பெண்ணை விவசாயி என்று ஒப்புக்கொண்டு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் விவசாயிகள் உரிமை மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே காலாவதியானது. உலக அளவிலும் இதே நிலைதான். ஒரே அளவு நிலத்தில் ஆண்கள் நடத்தும் பண்ணைக்கும் பெண்கள் நடத்தும் பண்ணைக்கும் உற்பத்தித்திறனில் 24 சதவீத இடைவெளி என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2023இல் கணக்கிட்டது. அவர்களுக்கு வேலை தெரியாததால் வந்த இடைவெளி இல்லை இது, உரமும் கடனும் கருவியும் ஆளும் நேரமும் கிடைக்காததால் வந்தது. கிராமங்களில் பெண்கள் தலைமையில் இருக்கும் குடும்பங்கள், ஆண்கள் தலைமையில் இருக்கும் குடும்பங்களைவிட, வெப்ப அழுத்தத்தால் 8 சதவீதம் கூடுதலாக வருமானத்தை இழக்கின்றன என்று அதே அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது.

வேறு இரண்டு இடங்கள்

தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில் தக்காண மேம்பாட்டுச் சங்கம் 1983இலிருந்து தலித் பெண்களோடு வேலை செய்கிறது. தரிசாகக் கிடந்த சொந்த நிலத்தைத் திருத்தக் கடன் வாங்கிய பெண்கள், அதைச் சோளமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, யார் ஏழை என்று ஊர் கூடி முடிவு செய்து, அவர்களுக்குக் குறைந்த விலையில் போனது. ஊர் ரேஷன் கடையை ஊர்ப் பெண்களே நடத்தினார்கள் என்று சொல்லலாம். கொல்லிமலை உரலடி முடிச்சை அவிழ்த்தது, ஜஹீராபாத் ரேஷன் முடிச்சை அவிழ்த்தது. 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

ஒடிசா 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, கேழ்வரகை அரசே கொள்முதல் செய்கிறது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இலிருந்து அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். நல்ல தொடக்கம். ஆனால் கேழ்வரகுக்கு உமி தொல்லை இல்லை, அப்படியே அரைத்துவிடலாம். சாமையையும் வரகையும் ரேஷனுக்கும் சத்துணவுக்கும் கொண்டுவர வேண்டுமானால் கொள்முதல் அறிவிப்புக்கு முன்பே ஊரளவில் உமி நீக்கும் இயந்திரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை மறுபடி சமவெளி ஆலைக்குத்தான் போகும், லாபமும் அங்கேயே தங்கிவிடும்.

எதை அளப்பது

இப்படிப்பட்ட வேலைகளை மதிப்பிட வருபவர்கள் கேட்பது எத்தனை குழு, எத்தனை பயிற்சி, எத்தனை கிலோ விற்பனை என்பது. விற்பனை கூடுவது நல்லதுதான். ஆனால் நகரத்தில் சாமைக்கு விலை ஏற ஏற, வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமை குறையும் ஆபத்து இருக்கிறது. ஒரு கிலோ சாமை அரிசியை விற்றால் நாலு கிலோ பிற சாமான் வாங்கலாம் என்றால், ரேஷன் அரிசியும் இலவசமாக இருக்கும்போது, விற்க யாருக்குத்தான் கை வராது? பெண்கள் அமைப்புகளும் இந்த இழுபறியில்தான் இருக்கின்றன, அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் எல்லாப் படிவத்திலும் சேர்க்கச் சொல்வேன். அதை வீட்டுத் தலைவரிடம் கேட்காமல், சமைப்பவரிடம் கேட்க வேண்டும். "அக்கா, போன அறுப்புல வந்த சாமை உங்க வீட்டு அடுப்புல எந்த மாசம் வரைக்கும் இருந்துச்சு?" மாசி வரை என்கிறாரா, ஆடி வரை என்கிறாரா, வந்த வாரமே மூட்டை கட்டிவிட்டோம் என்கிறாரா என்று வருடா வருடம் அதே வீட்டில் எழுதி வர வேண்டும். கூடவே, அதை யார் குத்தினார்கள், எங்கே குத்தினார்கள் என்றும்.